வாயைக் கட்டிச் சேர்த்த பணம்

மகனுக்கு,

இந்தக் கவரில் தபால்தலை ஒட்டாதது மறதியால் இல்லை. தபால்காரர் உன்னிடம் இரண்டு மடங்கு கட்டணம் கேட்டிருப்பார். இதை நீ வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் கொடுத்துத் தொலைத்துவிட்டாய் என்று அர்த்தம். வேண்டாம் என்று திருப்பி அனுப்ப உனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் உன் பெண்டாட்டி சண்முகக்கனி அம்பத்தூருக்குத் திரும்பி வருவாளா மாட்டாளா என்பது இதற்குள்தான் இருக்கிறது. நலமா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. தன் காசைத் தானே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எப்போதும் நலமாகத்தான் இருப்பான்.

அவள் இங்கே நம் வீட்டில்தான் இருக்கிறாள். தங்கச்சி பிள்ளைக்குப் பேர் வைக்கக் கழுகுமலைக்குப் போனவள், அங்கிருந்து கோவில்பட்டிக்கு வந்து ரயிலேற வேண்டியவள், ஸ்டேஷனுக்குப் போகாமல் ஒரு பையோடு நம் வாசலில் வந்து நின்றாள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை தோளில் தொங்குகிறது. “என்ன தாயி, இப்படி மெலிஞ்சு போயிட்ட?” என்று கேட்டேன். “அவிய சிக்கனமா இருக்காவ அத்தை” என்றாள். மெலிந்தது அவள், சிக்கனம் உனக்கு. உங்கள் வீட்டில் குடித்தனம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று வாசலில் வைத்தே எனக்கு விளங்கிவிட்டது.

நாலு நாள் கழித்து உன் கார்டு வந்தது. கார்டு! பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன விஷயத்தை மடித்து ஒட்டுகிற காகிதத்தில் எழுதக்கூட உனக்குக் கை வரவில்லை. எழுத்தை நுணுக்கி நுணுக்கி, முகவரிப் பக்கத்திலும் பாதியை நிரப்பியிருந்தாய். தபால்காரர் வாசலில் நின்று முழுவதையும் படித்துவிட்டு, “மருமவ இங்கனதான் இருக்காவளா அக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். இப்போது தெருவுக்கே தெரியும். மனை வாங்குவதற்காக ஒரே ஒரு வருஷம் செலவைக் குறைக்கச் சொன்னாயாம். இதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளாம். நீங்களும் அப்பாவும் அந்தக் காலத்தில் இருக்கவில்லையா, அவளுக்குப் புத்தி சொல்லி அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நானும் உன் அப்பாவும் எப்படி இருந்தோம் என்று அவளுக்கு ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன். முழுவதும் வாசித்துவிட்டு, புத்தி யாருக்கு வேண்டும் என்று நீயே முடிவு செய்துகொள்.

முதலில் அவள் என்னிடம் சொன்னது. வாய் திறந்து குறை சொல்கிற பெண் இல்லை அவள். நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். பூவை நிறுத்தினாய், சரி. சாயங்காலம் தெருமுனையில் வாங்குகிற பஜ்ஜியை நிறுத்தினாய், சரி. மாதத்துக்கு ஒரு சினிமாவை நிறுத்தினாய், அதையும் விடு. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவோடு பேசுகிற போனிலும் கை வைத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எஸ்டிடி பூத்துக்குள் அவளோடு நீயும் நுழைந்து, சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்பாயாம். நீ மனதில் வைத்திருக்கும் தொகை வந்ததும் விரலால் அமுக்கி லைனைத் துண்டித்துவிடுவாயாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தில் அவள் அம்மா, “ஏட்டி, தங்கச்சிக்குப் பிள்ளை பெறந்துட்டு. ரெண்டு உசுரும் நல்லா இருக்குட்டி. என்ன பிள்ளைன்னா...” என்று சொல்லி வாய் மூடவில்லை, நீ அமுக்கிவிட்டாய். இன்னொரு தடவை போட்டுக் கேட்கலாம் என்று அவள் உன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நீ என்ன சொன்னாய்? “அடுத்த வாரம் கேட்டுக்கோ. பிள்ளை எங்கயும் ஓடிப் போயிராது.” ஒரு வாரம் முழுக்க அந்தப் பெண் மனசுக்குள்ளேயே ஒரு நாள் கவுனும் ஒரு நாள் டவுசருமாகப் பிள்ளைக்கு மாட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் உன்னைக் கூப்பிட்டு நாலு அறை கொடுக்க வேண்டும் போல இருந்தது.

இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தேட வேண்டியதில்லை. நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது உன் அப்பா இதே மாதிரி ஒரு வருஷம் போட்டார். அப்போது அவர் கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வத்தலும் உளுந்தும் பருத்தியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும், அடுத்தவன் லட்சத்தை எழுதி எழுதி அவருக்குத் தன் ஆயிரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. ஊருக்கு வடக்கே கரிசல் நிலத்தில் கல் ஊன்றி மனை போட்டிருந்தார்கள். நாலாயிரம் முன்பணம் கட்டினால் ஒரு மனை நம் பேருக்கு. ஆடி மாதம் ஒன்றாம் தேதி என்னையும் உன்னையும் உட்கார வைத்து, “இன்னையிலருந்து ஒரு வருசம் எல்லாரும் வாயக் கட்டுங்க” என்று அறிவித்தார். சட்டம் போடுகிற கலெக்டர் மாதிரி கையைக் காலைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

அன்றோடு வீட்டில் பால் நின்றது. சீனி நின்றது. என் தலையில் பூ நின்றது. உனக்குப் பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ன ஐந்து பைசா கிடையாது. கோடையில் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊர் இது. அந்தத் தண்ணீரிலும் ஒரு குடத்தைக் குறைத்தார். மூன்று பேரும் நாறிப்போய்க் கிடந்தோம். விருந்தாளி வந்தால் காப்பி போட வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமையும் கதவைச் சாத்தியே வைத்தார். தனக்கும் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கடையில் யாராவது வாங்கிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பார். ‘ஓசி டீ அண்ணாச்சி’ என்று பஜாரில் அவருக்குப் பேர் விழுந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பையன்கள் உன் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிக் கத்துவார்கள். உனக்கு மறந்திருக்கலாம். இதுவும் மறந்திருக்கும், சொல்கிறேன்: பக்கத்து வீட்டுப் பையன் சேமியா ஐஸ் தின்றுவிட்டு வீசிய குச்சியை நீ மண்ணிலிருந்து பொறுக்கி, டவுசரில் துடைத்து, வாயில் வைத்துச் சப்பினாய். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அதில் ஒரு துளி இனிப்புக்கூட மிச்சம் இருந்திருக்காது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அப்பாவுக்குத் தெரியாமல் தின்றேன். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை எனக்கு. எத்தனை கட்டு அடைத்தோமோ அத்தனைக்குக் கூலி, சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. என் பக்கத்தில் உட்கார்ந்து அடைக்கிற பேச்சியம்மாள் எங்கள் பந்தியில், வரிசையாக உட்கார்ந்து அடைக்கிற ஐந்து பேருக்குள், தீபாவளிப் பண்டு நடத்தினாள். வாரம் பத்து ரூபாய் கட்டினால் தீபாவளிக்கு எண்ணெய், மாவு, வெல்லம், பருப்பு, ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு கிராம் தங்கம். கூலி கைக்கு வந்ததும் பத்து ரூபாயைப் பேச்சியிடம் கொடுத்துவிடுவேன். அடுத்து, வேறு எதற்கும் முன்னால், இரண்டு ரூபாய்க்குக் காரச்சேவு வாங்குவோம். பந்தியில் ஐந்து பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, தீக்குச்சி மருந்து வாடை போகாத கையாலேயே அள்ளித் தின்போம். ஊரில் ஒருத்தியை விடாமல் பேசுவோம், மாமியார்களை மாதிரி நடித்துக் காட்டுவோம். ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் வாரம் பூராவும் பெட்டி அடைத்தேன். மிச்சத்தை முந்தானையில் முடிந்து உனக்குக் கொண்டுவருவேன். நீ அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றுவிட்டு வாயைக் கழுவிவிட்டு வருவாய்.

அப்புறம் ஒரு நாள் நீ போய் அவரிடம் சொல்லிக் கொடுத்தாய். ஏன் சொன்னாய் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அவரிடம் நல்ல பேர் வாங்கப் பார்த்திருப்பாய். வாங்கினாய். “எம்பிள்ள, பொய் சொல்லத் தெரியாதவன்” என்று தட்டிக் கொடுத்து உனக்குப் பத்துப் பைசா பரிசு தந்தார். நீ அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள், “குடுல, சேத்து வைக்கலாம்” என்று அதையும் வாங்கித் தகர டப்பாவில் போட்டுவிட்டார். உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் அடுப்பங்கரைக்குள் போய்ச் சிரித்தேன். தாய் சிரிக்கலாமா என்று கேட்காதே. சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து உன் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். கூலி என் கைக்கு வந்ததும் அவர் கைக்குப் போய்விடும். பந்தியில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. திங்கட்கிழமை பேச்சியம்மாள்தான் சொன்னாள்: “ஏட்டி, நீ அடைக்கதுல தினமும் கொஞ்சங் கட்ட எங் கணக்குல எழுதச் சொல்லுதேன். ஒம் பண்ட நாங் கட்டுதேன், ஒஞ் சேவ நா வாங்குதேன். அந்த மனுசன் வாசல்ல நின்னு காத்தப் பிடிக்கட்டும்.” அப்படியே நடந்தது. ‘என்ன, இந்த வாரம் கூலி குறையுதே’ என்று அவர் கேட்டால், ‘கண்ணு மங்குது, வெரசா அடைக்க முடியல’ என்பேன். கண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிடுமோ என்ற பயத்தில் மேற்கொண்டு கேட்க மாட்டார். சேவு உனக்கு மட்டும் நின்றுபோனது. காட்டிக் கொடுத்தவனுக்கு எதற்குச் சேவு?

வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. டப்பாவில் நாலாயிரம் கிட்டத்தட்ட சேர்ந்துவிட்டது. சேராமல் என்ன? வாயைக் கட்டினால் பணம் சேரும், நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன். வைகாசியில் நம் தெரு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா நடந்தது. மறுநாள் உச்சிப் பொழுதில் வழக்கம்போலச் சாமிக்குப் படைத்ததையெல்லாம் மைக் வைத்து ஏலம் விட்டார்கள். தேங்காய் போனது, வாழைத்தார் போனது, கடைசியாகச் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம் வந்தது. அந்தப் பழம் வீட்டுக்கு வந்தால் வருஷம் பூராவும் அம்மன் கூடவே இருப்பாள் என்று அதற்கு மட்டும் எப்போதும் போட்டி. எண்ணெய்க்கடைச் சித்தப்பா, அதுதான் உன் அப்பாவின் சித்தப்பா மகன், ஐந்நூறில் ஆரம்பித்தார். உன் அப்பா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மைக்கை வாங்கி, “எங்க அண்ணன் ஏன் வாயத் தெறக்கல தெரியுமா? ஏலத்துல குடுத்தா அவிய வாங்க மாட்டாவ. ஓசில குடுத்தா ஓடி வருவாவ” என்றார். தெருவே சிரித்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த பொம்பளைகளும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், அடக்க முடியவில்லை.

உன் அப்பா ஆயிரம் என்றார். சித்தப்பா ஆயிரத்து ஐந்நூறு என்றார். அவர் இரண்டாயிரம் என்றார். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு வருஷமாகச் சொந்தக் காசில் குடிக்காத டீயும் தின்னாத பண்டமும் பஜாரில் வாங்கிக் கட்டிக்கொண்ட கேலியும் எல்லாம் சேர்ந்து அவர் தொண்டையில் வந்து நின்றன. “நாலாயிரம்!” என்று கத்தினார். சித்தப்பா அதற்குமேல் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. “அண்ணனே வச்சுக்கிடட்டும்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போய்விட்டார். ஏலப் பணத்தை அடுத்த கொடைக்குள் கட்டினால் போதும், தவணையாகக் கட்டுகிறவர்களும் உண்டு, பாதியோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. உன் அப்பா அன்று சாயங்காலமே தகர டப்பாவைக் கொண்டுபோய் நாட்டாமை முன்னால் கவிழ்த்தார். குறைந்த பணத்துக்குக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். மைக்கில் அவர் பேரை மூன்று தடவை சொன்னார்கள். ஓசி டீ என்று சேர்க்காமல் வெறும் பேரைச் சொன்னார்கள். அதற்குத்தான் நாலாயிரம்.

பழத்தைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். முகமெல்லாம் வெளிச்சம். அரிவாள்மணையை எடுத்துப் பழத்தை இரண்டாக நறுக்கினேன். “அடிப் பாவி!” என்று அலறினார். பிழிந்து, தண்ணீர் விட்டு, வீட்டில் சீனி இல்லாததால் உப்பைப் போட்டுக் கலக்கி, அவர் முன்னால் வைத்தேன். “குடிங்க. ஒரு வருசப் பாலு, ஒரு வருசப் பூவு, பிள்ளை திங்காத ஐசு, நம்ம மனை, எல்லாம் இந்த டம்ளருக்குள்ளதான் இருக்கு” என்றேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். பிறகு, கீழே கொட்டி வீணாக்க மனசு வராமல், எடுத்துக் குடித்தார்! ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. நீ மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதையும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அந்த மனையில் இன்றைக்கு வேறு யாரோ மாடி வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். நாங்கள் இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறோம்.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. வீட்டில் சல்லிக் காசு இல்லை. பேச்சியம்மாளும் நானும் ஆளுக்கொரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் இறக்கினோம். எண்ணெய் டின், மாவு, வெல்லம், பருப்பு, பாத்திரம். தாலிக்கயிற்றில் கோத்துக்கொள்ள ஒரு கிராம் தங்கக் குண்டு. பேச்சி கணக்கில் கிடந்த மிச்சத்துக்கு உனக்குப் புதியம்புத்தூர் ரெடிமேட் சட்டை ஒன்று. “யாரு குடுத்தா இதெல்லாம்?” என்று உன் அப்பா கேட்டார். “சேவு குடுத்தது” என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்காவது புரிகிறதா பார். வாரத்துக்கு இரண்டு ரூபாய்ச் சேவு இல்லாவிட்டால் அந்தப் பத்து ரூபாயை நான் ஒரு மாதம்கூடக் கட்டியிருக்க மாட்டேன். எவனாவது துணி மூட்டையோடு தவணைக்கு வந்து நின்றிருப்பான், நானும் ஆத்திரத்தில் பட்டுச் சேலை எடுத்திருப்பேன். ஆசைக்கு உண்டானதை முதலிலேயே கொடுத்துவிட்டால் அது சின்னதாகவே இருக்கும். வருஷக்கணக்கில் கட்டிப் போட்டால் அது அவிழ்கிற அன்றைக்குச் சேவு கேட்காது, டீ கேட்காது, சூலத்து எலுமிச்சம்பழம் கேட்கும்.

உன் எலுமிச்சம்பழம் எது என்று கனி சொன்னாள். இடுப்பில் மாட்டியிருக்கிறாயாமே செல்போன். ஆபீசில் எவனோ ‘உங்களுக்கெல்லாம் எதுக்கு சார் செல்லு’ என்று கேட்டானாம், அந்த வாரமே போய் வாங்கிவிட்டாயாம். கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு என்று அதில் பேசுவதே கிடையாதாம். மணியடித்தால் எடுத்துப் பார்த்துவிட்டுத் துண்டித்துவிடுவாயாம். அதன் விலைக்கு அவள் தன் அம்மாவோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாய் வலிக்க வலிக்கப் பேசியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார். கணக்கில் நீ புலியாயிற்றே. அப்புறம் அந்த மோட்டார் சைக்கிள் தவணை, உங்கள் மேனேஜர் வீட்டு விசேஷத்துக்கு எழுதிய மொய். எதை நிறுத்தினால் நாலு பேர் பார்ப்பார்களோ அதை நீ நிறுத்தவில்லை. யார் கண்ணிலும் படாத பூவையும் பஜ்ஜியையும் நிறுத்தியிருக்கிறாய். உன் அப்பாவாவது தன் வாயையும் சேர்த்துக் கட்டினார்.

புத்தி சொல்லச் சொன்னாயே, சொல்கிறேன். அந்தச் செல்போன் சனியனைப் பாதி விலைக்காவது விற்றுத் தலைமுழுகு. சம்பளம் வந்த அன்றைக்கே ஒரு சின்னத் தொகையை எடுத்துக் கனி கையில் கொடு. அவள் பூ வாங்குகிறாளா, போன் பேசுகிறாளா, பஜ்ஜி தின்கிறாளா என்று கேட்காதே. உனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள், நீயும் ஒரு டீயைச் சொந்தக் காசில் குடித்துப் பழகு. அதற்கு அடுத்தபடி மனைக்கு எடுத்து வை, கையைக் கடிக்காத அளவுக்கு எடுத்து வை. மீதியில் குடும்பம் நடக்கும். நடக்காவிட்டால் நடக்கிற மாதிரி அவளே பார்த்துக்கொள்வாள். அவளைப் பத்து நாள் பார்த்ததில் சொல்கிறேன், உன்னைவிடக் கெட்டிக்காரி. வருஷக் கடைசியில் நீ நினைத்ததைவிடக் கொஞ்சம் குறையும். குறையட்டும். மனை ஆறு மாதம் தள்ளிப் போகும், ஆனால் அதில் வீடு கட்டினால் உன்னோடு குடியிருக்க ஓர் ஆள் இருப்பாள்.

இதோடு முடித்திருப்பேன். போன சனிக்கிழமை நடந்த ஒன்று முடிக்க விடவில்லை. உன் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது உனக்குத் தெரியும். இப்போது அவர் கேட்டதை வாங்கிக் கொடுக்க என்னிடம் காசு இருக்கிறது, டாக்டர் விடமாட்டேன் என்கிறார். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஜாரில் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்து அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து தின்பேன். பாகு ஒழுக ஒழுகத் தின்பேன். “ஒரு துண்டு குடேன்” என்று கையை நீட்டுவார். “ஒரு வருசம் பொறுங்க” என்பேன். ஒவ்வொரு வாரமும் இதே பேச்சுத்தான். எனக்குச் சலிக்கவே இல்லை. போன வாரமும் அப்படியே தின்றுகொண்டு, கனிக்கும் இரண்டு கொடுத்தேன். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், தின்னவில்லை.

அவர் கட்டிலுக்குப் போன பிறகு அடுப்பங்கரைக்கு வந்தாள். “அத்தை, மாமா முன்னாலதான் திங்கணுமா?” என்று கேட்டாள். “ஆமா தாயி. அப்பத்தான் இனிக்கும்” என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “அவியள எனக்கு ரொம்பப் பிடிக்கும் அத்தை. இன்னுங் கொஞ்ச நாள் அங்கன இருந்தா பிடிக்காமப் போயிருமோன்னு பயமா இருந்துது. அதான் வந்துட்டேன்.” அவளுக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு ஐம்பத்து நாலு. அவள் கழுவி வைத்த பாத்திரங்களை நான் மறுபடியும் எடுத்துக் கழுவினேன்.

நீ அவளைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் அதுதான். அவளாக வர மாட்டாள்; நான் ரயிலேற்றி அனுப்பவும் மாட்டேன். நீ வந்து கூப்பிட வேண்டும். இன்னும் அவளுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. எவ்வளவு மீதி இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது, அதனால் லீவு போட்டால் சம்பளம் போகும் என்று பண்டிகை வரை காத்திருக்காதே. டிக்கெட் விலையைப் பார்க்கிறவனாக இருந்தால் வரவே வராதே, அவளை நான் வைத்துக்கொள்கிறேன்.

கல்யாணமான புதிதில் உன் அப்பா கமிஷன் கடையிலிருந்து வரும்போது சட்டைப் பையில் எனக்குக் கடலை மிட்டாய் போட்டுக் கொண்டுவருவார். வெயிலில் பாகு இளகி, சட்டையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். துவைக்கும்போது வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவர் சிரிப்பார், மறுநாளும் கொண்டுவருவார். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அது என்றைக்குப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தன்று போகவில்லை, அதற்கு வெகு நாள் முந்தியே போயிருந்தது. போவதற்கு முந்தின நாள் எது என்று தெரிந்திருந்தால் நானும் கிளம்பிப் போயிருப்பேன்.

அம்மா